ஷிப்டு அறைக்குப் போன மகளின் படங்கள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் என் கணவர் வேலை பார்த்தபோது, அவருடைய ஷிப்டில் இருந்த அனைவருக்கும் பொதுவாக ஒரே மின்னஞ்சல் முகவரிதான். செல்பேசியில் படங்களைச் சேமிக்கும் கணக்குத் தொடங்கும்போது அதையே கொடுத்துவிட்டார்; அதற்கு வரும் அஞ்சலை அவர் திறந்து பார்ப்பதே இல்லை. எங்கள் மகள் தவழ்ந்தது, நடந்தது எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன.

அவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்த சில நாள்களில், அந்தச் செல்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செயலிழந்தது. புதியதில் கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் நினைவில்லை. ரகசிய எண்ணோ பழைய முகவரிக்குத்தான் போகும். அந்த முகவரியை அன்று மாலையே மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அங்கே பணியிலிருந்த நண்பர் செல்வத்தை உடனே அழைத்தோம்.

"இருங்கண்ணி, கம்ப்யூட்டராண்ட போறேன்" என்றவர், நிதானமாக எண்ணைப் படித்துச் சொன்னார். கணக்கு திறந்தது; படங்கள் பத்திரமாக இருந்தன. அப்போதே எங்கள் சொந்த முகவரியை இணைத்தோம்.

"இந்த மெயிலயும் மூடுறாங்க. அப்போ இனிமே பாப்பா போட்டோ வராதா?" என்றார் செல்வம்.

"எந்தப் போட்டோ?"

"பழைய நினைவுகள்னு மாசாமாசம் மெயில் வருமே அண்ணி. ஷிப்டே அதப் பாத்துக்கினுதான் நாஷ்டா துண்ணும். அண்ணன் லுங்கியில ஆடுனதக்கூடப் பாத்துட்டோம்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றார் என் கணவர்.

"சொன்னா நிறுத்திடுவியேண்ணா."

இப்போது வேலை மாறும் பேச்சு எழுந்தாலே, எந்தக் கணக்கில் எந்த முகவரி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுகிறோம். மகளின் பிறந்தநாளில் மட்டும், ஷிப்டு முழுவதும் பார்க்கட்டும் என்று நானே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துச் செல்வத்துக்கு அனுப்புகிறேன்.