தங்கவேலின் காக்கிக் கோட்டு

ஐந்து மணிக்கு மற்றவர்கள் கோட்டைக் கழற்றும்போது தங்கவேல் மாட்டிக்கொள்வார். பூந்தமல்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் வில்லைச் சேவகர், அதாவது பியூன். காலையில் வந்ததும் காக்கிக் கோட்டு ஆணிக்குப் போய்விடும்; மேலதிகாரி மணி அடித்தால்தான் இறங்கும். வீட்டுக்குக் கிளம்பும்போதோ கோட்டு, தலைப்பாகை, குறுக்கே சிவப்பு டவாலி, அடுப்புச் சாம்பலில் துலக்கிய பித்தளை வில்லை எல்லாம் ஏறிவிடும்.

"இன்னா தங்கவேலு, பொண்ணு பாக்கவா?" என்பார் குமாஸ்தா லோகநாதன்.

"ஊட்டுக்குத்தான் சார். நடுவுல ஊரு கீதே."

அந்த ஊர் திருவேற்காட்டுப் பக்கம். ஊர்த்தெருவைத் தாண்டினால்தான் தங்கவேல் குடியிருக்கும் சேரி. சேரி ஆட்கள் அந்தத் தெருவில் சட்டையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தங்கவேல் பதினோரு வருஷமாகக் கழற்றவில்லை. மணியக்காரர் செங்கல்வராயன் முறைத்தால், "சர்க்கார் உத்தரவுங்க. கழட்டினா வேலை பூடும்" என்பார். குரலில் அத்தனை வருத்தம் இருக்கும். "எனக்குத் தாலி கட்னது இவரு இல்ல, அந்தக் கோட்டு" என்பாள் மனைவி அங்கம்மா.

யுத்தத்தில் துணி கிடைப்பது நின்றது. ஆபீசுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: இனிக் கோட்டும் தலைப்பாகையும் கட்டாயமில்லை. குமாஸ்தாக்கள் அன்றே அரைக்கைச் சட்டைக்கு வந்துவிட்டார்கள். தங்கவேல் அந்தத் தாளை நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"கட்டாயமில்லன்னா, போடக் கூடாதுங்களா சார்?"

"அட, அது உன் இஷ்டம்யா. காத்தாட வா."

"இஷ்டம்லாம் வேணாம் சார். போட்டே ஆவணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"வெயில்ல மூளை கீளை கலங்கிப்போச்சா?" என்று சிரித்தாரே தவிர, லோகநாதன் எழுதிக் கொடுக்கவில்லை. பதினோரு வருஷத்துப் பதில் ஒரே காகிதத்தில் போயிற்று.

சேதி மணியக்காரருக்கும் எட்டியது. மறுநாள் மாலை, நாலு பேர் பார்க்க, தெரு நடுவில் நிறுத்தினார்.

"இன்னாடா, உத்தரவு பூட்ச்சாமே?"

"ஆமாங்க."

"அப்பால இன்னாத்துக்கு மாட்டிகினு கீறே?"

தங்கவேலின் கைகள் இரண்டும் கோட்டுக்குப் போயின. மணியக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் காத்திருந்தார்.

"என் இஷ்டங்க" என்றார் தங்கவேல். வெயிலுக்காகத் திறந்து விட்டிருந்த கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, எப்போதும் நடப்பதைவிட மெதுவாக நடந்தார்.