எந்த நாட்டுப் பிள்ளைகள்

அந்த நோட்டீஸை ஊருக்கு வாசித்துக் காட்டியது நான்தான். அதை மறைத்துவிட்டு அதிகாரியை மட்டும் திட்டினால் என் நாக்கு அழுகிப்போகும்.

தொண்ணூறுகளின் கடைசி. மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் படித்த பெண் நான் ஒருத்திதான். அரசாங்கம் உலகத் தரத்தில் ஒரு பல்கலைக்கழகம் கட்டப்போகிறது, அதன் மலை வளாகத்துக்கு நாங்கள் சாமை விதைக்கும் காடுகள் வேண்டும் என்று ஓர் அதிகாரி ஜீப்பில் வந்திருந்தார். 'நம் நாட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போகாமலே உயர்ந்த கல்வி பெறலாம்' என்று நோட்டீஸில் இருந்தது. கோயில் முன்னால் நின்று கணீரென்று வாசித்தேன்.

மலையில் நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்தது. எங்களுக்குக் குண்டனி நாடு, வேறொரு பக்கம் எடப்புளி நாடு. இந்தியாவும் நாடுதான் என்று சமூக அறிவியல் பரீட்சையில் எழுதியவள் நான். மலை ஏறியதும் அந்த அர்த்தத்தை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன் போலிருக்கிறது. அப்பா எழுந்து, எடப்புளி நாட்டுப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுப்பார்களா என்று கேட்டார். அத்தையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. அதிகாரி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா எந்த நாட்டைச் சொல்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது.

"அவங்களுக்கும் உண்டுங்க. ஆனா மொதல்ல உங்க நாட்டுப் புள்ளைங்களுக்குத்தான்" என்றார்.

அப்பா முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு எங்கே போச்சு புத்தி என்பார்கள். எங்கள் புத்தி அன்றைக்கு என் வாயில் இருந்தது.

நான் பிளஸ் டூ முடித்தபோது கட்டடம் எழும்பியிருந்தது. அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு என்னைச் சேர்க்க அழைத்துப் போனார். எங்கள் காட்டுக்குள் நுழையவே கேட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர். இந்தியா முழுக்க இங்கிலீஷில் நடக்கும் பரீட்சையில் தேறியவர்களுக்குத்தான் சீட், நிலம் கொடுத்தவர்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

"எங்க நாட்டுப் புள்ளைங்களுக்குன்னு சொன்னாங்களேங்க" என்றார் அப்பா.

"நாடுன்னா இந்தியாங்க பெரியவரே."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். வேறென்ன சொல்வது.

நம்பவைத்துக் கழுத்தறுத்த அந்த அதிகாரி மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அப்பா அவரை ஒருநாளும் திட்டியதில்லை, என்னையும் திட்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், நான் பக்கத்திலேயே இருந்தாலும், அதை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். பஸ் ஏறி சேந்தமங்கலம் போய், டீக்கடைக்காரரிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்வார்.