கம்பளிக்கு மேல் வைத்த ஸ்டெதஸ்கோப்

நான் ஒரு பெண்ணைப் பற்றிப் பொய் எழுதினேன். இருபது வருடங்களுக்கு மேலாகிறது. நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்போது நான் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்; எல்லோரும் டாக்டர் ஐயா என்பார்கள். அவருடைய நெஞ்சைச் சரியாகக் கேட்காமலே "வேலைக்குப் போகலாம்" என்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே அவர் மலையில் விழுந்தார். அந்தச் செய்தி வந்ததும் நோயாளர் பதிவேட்டைத் திறந்து, அவர் பெயருக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில், "பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், மறுத்துவிட்டாள்" என்று ஒரு வரி சேர்த்தேன். முதலாவதைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது.

அது மழைக்காலம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு முன்பே டிஸ்பென்சரி ஜன்னலில் வரிசை நிற்கும். என்னிடம் துண்டு வாங்கிப்போனால்தான் அன்றைய வேலைக்கு வராததைத் தோட்டத்தில் ஏற்றுக்கொள்வார்கள். பெண்கள் எல்லோரும் தலையிலிருந்து முழங்கால்வரை கம்பளி போர்த்தியிருந்தார்கள். ஈரக் கம்பளியை ஒவ்வொருவராகக் களையச் சொன்னால் பெரட்டு முடிந்துவிடும் என்பதால், கம்பளிக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுப்பது என் வழக்கமாகிவிட்டது. அப்படி வைத்தால் கம்பளி உரசுகிற சத்தம்தான் கேட்கும். அது எனக்குத் தெரிந்தேயிருந்தது.

"மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குதுங்க ஐயா," என்றார் அந்தப் பெண். "படுத்தா இன்னும் கூடுது. உக்காந்துக்கிட்டேதான் தூங்குறேன். ரெண்டு நாளைக்கு துண்டு குடுங்க."

"மேட்டுல ஏறுனா எனக்கும்தான் மூச்சு வாங்குது. எனக்கு யாரு துண்டு குடுக்குறது?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வேலைக்குப் போகலாம் என்று துண்டில் எழுதி, சிவப்பு மருந்து ஒரு போத்தலும் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மத்தியானம், நிறைந்த கூடையோடு மடுவத்துக்கு ஏறும் பாதையில் அவர் விழுந்தார். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே தராசு பிடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர். லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பதிவேட்டை வரவழைத்து, நான் எழுதிய வரியைத் தோட்ட அலுவலகமான கந்தோரின் வாசலில் எல்லோருக்கும் முன்பாக வாசித்தார். டாக்டர் ஐயா சொல்லியும் கேட்காதவள் என்ற பெயர் அன்று அவருக்கு விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

சில நாட்களில் அவர் திரும்பி வந்தார், கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த கடிதத்தோடு. முதல் தடவையாகக் கம்பளியை நீக்கச் சொல்லி அவர் நெஞ்சைக் கேட்டேன். தெமோதரைப் பாலத்தில் எங்கோ தூரத்தில் ரயில் போவதுபோல ஒரு தாழ்ந்த உருளல், துடிப்புக்குத் துடிப்பு கேட்டது. எந்த மருத்துவ மாணவனுக்கும் தப்பாத சத்தம்.

இதயம் நம் கைமுட்டி அளவுத் தசை. சுருங்கும்போது ரத்தத்தை உடம்புக்குத் தள்ளுகிறது. தளரும்போது அடுத்த தள்ளலுக்கான ரத்தத்தால் நிறைகிறது. சுருங்குவதுதான் அதன் வேலை, தளர்வது சும்மா இருப்பது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் தளர்ந்து நிறையாத இதயத்திடம் தள்ளுவதற்கு எதுவும் இராது. அவருக்குச் சிறுவயதில் தொண்டைப்புண்ணோடு வந்த காய்ச்சல், இதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வைத் தடிக்க வைத்து, வழியைக் குறுக்கியிருந்தது. அந்தக் குறுகிய வழியில் ரத்தம் இறங்கிக் கீழறை நிறைவதற்கு நேரம் வேண்டும். மேட்டில் ஏறினால் துடிப்பு வேகமாகும். அப்போது பெரும்பாலும் குறைவது இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள ஓய்வுதான். இறங்க முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். அதனால்தான் மூச்சு வாங்கியது. அவர் என் ஜன்னலில் வந்து கேட்டதும் ஓய்வைத்தான்.

நான் ஓய்வுபெற்றுப் பதுளைக்கு வந்துவிட்டேன். போன வருடம் கால் வீங்கியது, படியேறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த இளம் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சுருங்குறது நல்லாத்தான் இருக்கு ஐயா. தளர்றதுக்குத்தான் கஷ்டப்படுது. தசை கொஞ்சம் விறைச்சுப் போச்சு."

எத்தனையோ பேருடைய நெஞ்சைக் கேட்டவன், என்னுடையதை அன்றுதான் பார்த்தேன். எழுபது வருடத்துக்கு மேலாக, நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்காமலே, அது நிறைந்து நிறைந்து தள்ளியிருக்கிறது. பொய் எழுதிய கைக்கும் அதுதான் ரத்தம் அனுப்பியது. நன்றியும் வெட்கமும் சேர்ந்து வந்ததில் கண் கலங்கிவிட்டது. டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியின் இதயக் கிளினிக்கில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"டாக்டர் ஐயாதானே? என்னத் தெரியுதுங்களா?"

தெரிந்தது. தலையசைத்தேன்.

"காத இப்படிக் கொண்டாங்க. டிக்கு டிக்குனு கேக்குதா? கொழும்புல நெஞ்சுக்குள்ள வால்வுக்குப் பதிலா இரும்புக் கதவு போட்டு விட்டாங்க. வீட்டுல கடிகாரம் நின்னாலும் எனக்குக் கவல இல்ல." சிரித்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை. "நீங்க மறுத்ததா நான் எழுதுனது பொய்ம்மா," என்றேன். "நான் உங்களப் போகச் சொல்லவே இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? அங்க நானுந்தானே நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சின்னப் புள்ளைக ரெண்டு இருந்துச்சு. காய்ச்சல்னா உங்க ஜன்னலுக்குத்தானே தூக்கிட்டு வரணும்?"

மன்னிக்கச் சொல்லிக் கைகூப்பினேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப் போகுது? எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லுங்க. இன்னைக்கும் கறியில உப்புக் கூடிட்டாக்கூட, 'டாக்டர் பேச்சையே கேக்காதவதானே நீ'ங்கிறாரு."

முதலில் தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன், அந்த வரியை என் கையாலேயே அடித்துவிடலாமென்று. பழைய பதிவேடுகளைக் கறையான் தின்றுவிட்டதாம். பிறகு ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். உள்ளே போய்ப் பேசலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"உள்ள எதுக்கு? துரை வாசிச்சப்ப எல்லாருந்தானே கேட்டாங்க. இங்கயே சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் கேட்கும்படி சொன்னேன். துண்டு, கம்பளி, நான் அடித்த பகடி, பிறகு சேர்த்த வரி, எல்லாவற்றையும். யாரோ ஒருத்தி, "பாவி மனுசன்," என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

கணவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சவகிட்ட நான் கேட்ட மொத வார்த்தை, 'ஏன்டி பிடிவாதம் புடிச்ச?'ங்கிறதுதான்," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்திரிச்சுப் போயிருங்க ஐயா. ஏதாச்சும் சொல்லிப்புடுவேன்."

எழுந்தேன்.

"உக்காருங்க," என்றார் அந்த அம்மா. "ரெண்டு பேருக்கும் பிளேன்டீ ஊத்துறேன். குடிச்சிட்டுச் சண்டை போடுங்க."

யாரும் சண்டை போடவில்லை. கோப்பை பாதியானபோது கணவர் கேட்டார்: "அவளுக்கு அன்னைக்கு என்னதான் ஆச்சு?" இதயம் தளர்ந்து நிறைவதையும் சுருங்கித் தள்ளுவதையும், நிறைவதற்கு நேரமில்லாமல் போனதையும் சொன்னேன். பல வருடம் தராசு பிடித்தவர் யோசித்தார்.

"கூடை நெறையறதுக்குள்ள நிறுக்கக் கூப்பிட்ட மாதிரியா?"

"அதேதான்."

"நெறையறதுக்கு நேரம் கேட்டிருக்கா," என்றார். என்னிடமா, தனக்குத்தானா என்று தெரியவில்லை. நான் புறப்பட்டபோது அவர் வழியனுப்ப எழுந்திருக்கவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர்கள் இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கணவர் மனைவியோடு கிளினிக்குக்கு வந்தது அதுதான் முதல் தடவையாம். மருந்து விவரம் எழுதும் மனைவியின் கிளினிக் கொப்பி அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூவரும் ஆஸ்பத்திரி ஏற்றத்தில் நடந்தோம். பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, காட்டிக்கொள்ளாமல் நடந்தேன். அவர் நின்று, கையை நீட்டி எங்கள் இருவரையும் மறித்தார்.

"நில்லுங்க ரெண்டு பேரும். நெறையட்டும்."