ஊரே மருந்து பூசிய மூன்று நாள்

காரமடைக்குப் பக்கத்தில் ஓர் ஓராசிரியர் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். எனக்கு இருபத்தொரு வயது. பிள்ளைகள் பாடம் கேட்டதைவிடச் சொறிந்ததுதான் அதிகம். விரல் இடுக்கெல்லாம் சிரங்கு. பலரால் பலப்பத்தைப் பிடிக்கவே முடியவில்லை. பாதிப் பேர் வருவதேயில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கந்தக மருந்து வாங்கி வந்து நானே தடவினேன். ஆறியது. மாதம் திரும்புவதற்குள் மறுபடி வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் சொன்னார்: “சிரங்கு இருக்கிறவங்களுக்கு மட்டும் போட்டா நிக்காது. இல்லாதவங்களுக்கும், வீட்டுல எல்லாருக்கும், ஒரே சமயத்துல மூணு நாள் போடணும். துணியைக் கொதிக்க வைக்கணும்.”

பள்ளி முற்றத்துக்கு வந்து வரிசையில் நின்று மருந்து பூசிக்கொள்ளச் சொல்லி வீடு வீடாகப் போனேன். பெரிய தோட்டத்துக்காரர் வீட்டம்மா மட்டும் மறுத்துவிட்டார்.

“ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்குத்தான் ஒண்ணுமில்லீங்களே. அவ எதுக்குங்க அந்த வரிசைல நிக்கோணும்?”

“ஒருக்கா கையை மட்டும் பாத்துக்கறனுங்க” என்று சிறுமியைக் கூப்பிட்டேன். “கண்ணு, ராத்திரில அரிக்குதா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். அவள் விரல்களை விரித்து அம்மாவிடம் காட்டினேன். இடுக்கில் மூன்று சின்னக் கொப்புளங்கள்.

அந்த அம்மா மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“டீச்சர், நெல்லு அவிக்கற அண்டா ஊட்டுல சும்மாதான் கெடக்குதுங்க. துணி வேகவெக்க அனுப்பி உடட்டுங்களா?”

மறுநாள் பள்ளி முற்றத்தில் அண்டா கொதித்தது. வரிசையில் முதல் ஆளாக அவர் மகள் நின்றாள். எரிச்சல் தாங்காமல் பையன்கள் குதித்தார்கள். துணி காயும்வரை துண்டைச் சுற்றிக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள். மூன்று நாளும் ஊர் முழுக்கக் கந்தக நாற்றம். என் மேலும்தான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா வந்தார். ஒவ்வொரு கையாகப் பிடித்து, விரித்து, திருப்பிப் பார்த்தார். கடைசிப் பிள்ளையின் கையை விட்டதும், “ஒருத்தருக்குக்கூட இல்லையே!” என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில், தோட்டத்தில் ஏர் ஓட்டியவர்கள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். அவர்களிடமும் பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டினார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.