விரிசல் விட்டால் எனக்குத்தான் போன்

சிமென்ட் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் விரிசல் விடும். விரிசல் விட்டால் எனக்கு போன் வரும். சிமென்ட் கலவையில் மெல்லிய நார் சேர்த்து விரிசலைக் குறைக்கும் கம்பெனியில், திருச்சிக்கு நான்தான் ஆள். சொந்த வீடு கட்டி நொந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

காட்டூர் வீடு

நல்ல சித்திரை வெயிலில் பூச்சு வேலை. நார் கலந்திருந்தாலும் ஒரு வாரம் சாக்கு போட்டு நனைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முருகேசனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவரோ ஃபேனை ஓடவிட்டுச் சுவரைக் காயவைத்து, அவசரமாகப் பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவியைப் பற்றி டாக்டர்கள் கைவிரித்திருந்தார்கள். அந்தம்மா புது வீட்டில் ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பால் காய்ச்சிய அன்று போனேன். கூடத்துக் கட்டிலில் அந்தம்மா படுத்திருந்தார். சுற்றிலும் சுவரெல்லாம் தலைமுடி மாதிரி விரிசல். நான் வாயைத் திறக்குமுன் முருகேசன் என்னை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்:

"தெரியும் சார். சுவரை அப்புறம் பாத்துக்கலாம். அவளுக்கு அப்புறம்னு ஒண்ணு இல்லீங்க."

மன்னார்புரம் சலூன்

பல வருஷம் அடுத்தவர் கடையில் முடிவெட்டிய பாஸ்கர், சொந்தமாக சலூன் திறக்கத் தரை போட்டார். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும். எங்கள் ஆள் மொத்தப் பொட்டலத்தையும் மிக்ஸரில் கொட்டிவிட்டான். ஒரு பக்கம் நார் உருண்டை உருண்டையாக நீட்டிக்கொண்டு நின்றது. நார் சேராத பக்கம் குறுக்கே வெடித்திருந்தது. கொத்தி எடுத்து மறுபடி போட வேண்டும்; அதற்குள் அவர் குறித்துவைத்த முகூர்த்தம் போய்விடும்.

பாஸ்கர் கோபப்படவே இல்லை. குந்தி உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

"ஊரு தாடியெல்லாம் வழிச்சாச்சு. இப்ப தரைக்குமாங்க?"

ஸ்ரீரங்கத்துத் தடுப்பு

அப்பா காலமானதும் அண்ணன் தம்பி இருவரும் வீட்டைக் கூடத்தின் நடுவில் பிரித்துக்கொண்டார்கள். நார் சிமென்ட் பலகையில் தடுப்பு வைத்துக் கொடுத்தேன். பலகைகள் சேரும் இடத்தில்தான் எப்போதும் கீறல் விழும் என்பதால், இடைவெளி விட்டு, வலைத்துணி ஒட்டி, பார்த்துப் பார்த்துப் பூசினோம்.

சில மாதம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். போனால், அவர் தடுப்பின் இணைப்பை விரலால் தடவியபடி நின்றார். அந்தப் பக்கம் தம்பி இருமுவது கேட்டது.

"ஒரு கீறல்கூட இல்லை, நன்னா பண்ணியிருக்கேள். விழுந்திருந்தா, அதைச் சாக்கா வெச்சாவது தம்பியைக் கூப்பிட்டிருப்பேன்."

இப்போதெல்லாம் விருந்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதைவிட அது கொஞ்சம் சுலபம்.