இரண்டாவது புள்ளி

இது நடந்தது. அந்த இதய சிகிச்சை அறையில் நின்ற ஐவரும் இன்றும் உயிரோடுதான் இருக்கிறார்கள், சந்தேகப்படுவோர் கேட்டுக்கொள்ளலாம். நள்ளிரவும் அல்ல. பட்டப்பகல், 11:36.

மேசையில் கிடந்தவர் ஒரு தையல்காரர். மயக்கம் ஏறுமுன், எக்கோ என்னும் இதய ஸ்கேன் பார்ப்பவளிடம் சொல்லிச் சிரித்திருந்தார்: "நானும் ஊசி புடிக்கிறவன்தாம்மா. ஒரு நூல் தப்பினா துணி போச்சு."

இதயத்தின் உள்சுவரை ஊசியால் குத்திக் கடக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஊசி தெரியும். இதயச் சுவர் தெரியாது. எக்கோவில் சுவர் தெரியும். இரண்டையும் ஒரே திரையில் பொருத்தி, குத்த வேண்டிய இடத்தில் அவள் பச்சைப் புள்ளி வைப்பாள். அதைப் பார்த்து டாக்டர் குத்துவார். புள்ளி விலகினால் ஊசி இதயத்துக்கு வெளியே போய்விடும். போன மாதம் போனது. விலகலை அன்றே அவள் கண்டாள். டாக்டரின் அவசரத்துக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை. படுத்திருந்த பெண் எழவே இல்லை.

11:41. புள்ளி வைத்தாள்.

அருகில் இன்னொரு பச்சைப் புள்ளி முளைத்தது.

அழித்தாள். வந்தது. மீண்டும் அழித்தாள்... வந்தது.

தையல்காரரின் துடிப்பு 72. அவள் புள்ளி அதனோடு அசைந்தது. மற்றது மெல்ல... மிக மெல்ல... எண்ணினாள். 41.

11:43. அவள் வைத்த புள்ளி மறைந்தது.

"குத்தப் போறேன்," என்றார் டாக்டர்.

"வேணாம் சார். அது என் புள்ளி இல்ல."

"ஒண்ணுதானேம்மா இருக்கு? பின்ன பேயா வந்து வச்சுது?"

"யார் வச்சாலும் சரி. நிறுத்துங்க."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும் சார். ஆள் போகக் கூடாது."

கைநீட்டித் திரையை அணைத்தாள்.

இருண்ட திரைக்குள்... டக்... டக்...

"என்ன சத்தம் அது?" என்றார் டாக்டர்.



அவள் திரையருகே குனிந்தாள். "அன்னிக்கு வாய மூடிட்டேன். இன்னிக்கு மூட மாட்டேன். இவர விடு."

டக்...

நின்றது.

டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "சரி... நீயே சொல்லும்மா. எங்க குத்தணும்?"

எக்கோ மெஷினின் தனித் திரையைப் பார்த்து அவள் வழிசொன்னாள். ஊசி சரியாக இறங்கியது. தையல்காரர் பிழைத்தார்.

மாலையில் போன மாதம் இறந்த பெண்ணின் படத்தை மருத்துவமனைக் கோப்பிலிருந்து எடுத்தாள். புள்ளி, இன்று இரண்டாவது புள்ளி முளைத்த அதே இடத்தில். நேரம் 11:43. துடிப்பு 41.

மெஷின் பராமரிப்பவனை அழைத்தாள். "பழைய புள்ளி அழியாம நின்னிருக்கு தம்பி."

"எப்படிக்கா நிக்கும்? வெளிக்கூடுதான் பழசு. உள்ள மொத்தமும் நேத்துதான் புதுசா மாத்தினேன். அதுல பதிவான முதல் ஆளே உங்க தையல்காரர்தான்."