கிளப்புக்கு யாரும் போய்ச் சொல்லலை

கப்பல்ல போனீங்களாமே, எப்படி இருந்ததுன்னு கேக்காத ஆள் எங்க ஊரு கோவில்பதாகையில இல்ல. நல்லா இருந்தது, நல்லா இருந்ததுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். உண்மையைச் சொன்னா அந்தக் கப்பல் என்ன கலர்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல. அந்தமான் போனோம், வந்தோம், அவ்வளவுதான். ஞாபகம் இருக்கிறதெல்லாம் ஏறுறதுக்கு முன்னாடி துறைமுகத்துல நின்ன அந்தக் கொஞ்ச நேரம். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

எல்லாத்துக்கும் காரணம் எங்க வீட்டுக்காரர்தான். ஆவடியில மிலிட்டரிக்கு வண்டி செய்யற ஃபேக்டரியில ஃபிட்டர். ஒரு பொங்கலுக்கு எங்களைப் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு பொண்ணு சிரிச்சுகிட்டே கூப்பனை நீட்டினா, மனுஷன் அங்கயே விழுந்துட்டாரு. பேரு, அட்ரஸ், பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோட போன் நம்பர் எல்லாம் எழுதிப் பெட்டியில போட்டாரு. எங்க தெருவுக்கே அந்த ஒரு போன்தான். அடுத்த வாரமே கூப்பிட்டுட்டாங்க. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, புருஷன் பொண்டாட்டி ஜோடியா வரணும்னு. பெரிய ஹோட்டல்ல ஏசியில உக்கார வெச்சு, டை கட்டின ஒருத்தன் மூச்சு விடாம பேசினான். வெளிய வரும்போது என் கையில ஒரு குக்கர், அவர் ஹாலிடே கிளப் மெம்பர்.

அந்தக் கிளப்புல எல்லாம் பாயிண்ட் கணக்கு. வருஷா வருஷம் நம்ம பேர்ல பாயிண்ட் ஏறும். அதைக் குடுத்தா ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு அவங்க கட்டி வெச்சிருக்கிற பங்களாவுல தங்கிக்கலாம். தொடாம சேத்து வெச்சா குடும்பத்தோட கப்பல்ல கூட்டிட்டுப் போவாங்க. இதைக் கேட்டதுலேருந்து இவருக்குக் கப்பல் பைத்தியம். ஒவ்வொரு மே மாசமும் எங்க வீட்டுல சண்டை நிச்சயம்.

"புள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு, ஊட்டிக்காவது போலாங்க."

"ஊட்டிக்கு எவன் வேணா பஸ்ஸுல போவான்டி. அடுத்த வருஷம் கப்பல்."

"ஆமா, மொதல்ல மெரினாவுல முட்டி வரைக்கும் இறங்கிக் காட்டுங்க. அப்புறம் கப்பலைப் பாக்கலாம்."

நெஜமாவே அலைன்னா அவருக்குப் பயம். ஆனா ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் தரையில மல்லாந்து படுத்து, சின்னவளைத் தூக்கி வயித்து மேல உக்கார வெச்சுப்பாரு. மூச்சை இழுத்து இழுத்து விடுவாரு. வயிறு ஏறி ஏறி இறங்கும். "கப்பல் கெளம்பிடுச்சு, கெட்டியாப் புடிச்சிக்கோ." அவ கூச்சல் மூணாவது வீட்டுக்குக் கேக்கும். பெரியவ, அவளுக்கு அப்ப பதிமூணு வயசு, படிக்க விடுங்கப்பான்னு கத்துவா.

ஒரு ஆனி மாசம், பாயிண்ட் போதுமான அளவுக்குச் சேந்துடுச்சு. தை மாசக் கப்பல்ல நாலு பெர்த் போட்டுட்டு வந்து அல்வாவைக் கையில குடுத்தாரு. எனக்கே சந்தோஷம்தான், வெளியில காட்டிக்கல. ஆடி பொறந்து ஒரு நாள் காலையில, ஷிப்டுக்குக் கெளம்பி ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சவர் நிமிரல. அவ்வளவுதான். நாப்பத்தஞ்சு வயசு சாகிற வயசா? பாவி மனுஷன், ஒரு வாய்த் தண்ணி குடுக்கக்கூட நேரம் குடுக்கல.

எங்க பக்கத்துல சாவு சொல்லப் போறது ஆம்பளைங்க வேலை. என் கொழுந்தன்தான் சைக்கிளை எடுத்துகிட்டு முத்தாபுதுப்பேட்டை, அம்பத்தூர்னு சொந்தக்காரங்க வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வந்தாரு. சாவு சொல்ல வர்றவங்க உள்ள வந்து உக்கார மாட்டாங்க. தண்ணி குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. வாசல்ல நின்னு சொல்லிட்டு அப்படியே திரும்பிடுவாங்க. ஃபேக்டரிக்கு, ஸ்கூலுக்கு, ரேஷன் கடைக்கு, எல்லா இடத்துக்கும் யாரோ ஒருத்தர் போய்ச் சொன்னாங்க. பொண்டாட்டிக்கு அந்த வேலை கிடையாது. வர்றவங்க எல்லாம் தெரிஞ்சேதான் வந்து கட்டிப் புடிச்சு அழுதாங்க. அவர் செத்துட்டாருங்கற வார்த்தையை என் வாயால ஒருத்தருக்கும் நான் சொல்லல.

சின்னவளுக்கு அப்ப அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது. அழுகையைப் பாத்தா பயந்துக்கும்னு, தூக்கத்துலயே என் தங்கச்சி அவளைப் பூந்தமல்லிக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. காரியமெல்லாம் முடிஞ்சப்புறம்தான் கொண்டாந்து விட்டா. அப்பா எங்கன்னு கேட்டுச்சு. ஒருத்தி சாமிகிட்டன்னா, ஒருத்தி ஊருக்குன்னா. கொஞ்ச நாள்ல கேக்கறதை விட்டுடுச்சு. புரிஞ்சிகிச்சு, புள்ளை சமத்துன்னு நான் நெனச்சுகிட்டேன். சாயங்காலம் ஃபேக்டரி சங்கு ஊதினா மட்டும் வாசல் கேட்டுக்கு ஓடும். பழக்கம் போகலன்னு அதையும் விட்டுட்டேன்.

கிளப்புக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லல. அப்படி ஒண்ணு இருக்கிறதே எங்க மூணு பேரைத் தவிர சொந்தத்துல யாருக்கும் தெரியாது. ஆவணியில ஒரு நாள் டீச்சரம்மா மதில் மேல எட்டிப் பாத்து, "உங்களுக்கு போனும்மா, கிளப்புலேருந்தாம்"னாங்க. போனேன். சின்னவ எப்பவும் போல என் முந்தானையைப் புடிச்சுகிட்டுக் கூடவே வந்தா.

"குட்மார்னிங் மேடம். சார் இருக்காங்களா?"

ஒரு மாசமா எல்லாரும் அவரை இருந்தாரு, செஞ்சாரு, நல்ல மனுஷன் போயிட்டாருன்னே பேசிட்டிருந்தாங்க. இந்தப் பொண்ணு இருக்காங்களான்னு கேக்குது. "டூட்டிக்குப் போயிருக்காரும்மா"ன்னேன். டீச்சரம்மா என்னைப் பாத்தாங்க, சுவத்துல இருந்த மாதா படத்தைப் பாத்தாங்க, உள்ள போயிட்டாங்க.

அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவையாவது போன் வரும். சாருக்கு வெஜ்ஜா நான்வெஜ்ஜா மேடம்? மீன்னா உயிரை விடுவாரும்மா. சாருக்கு மேல் பெர்த்தா கீழ் பெர்த்தா? கீழ குடும்மா, அவருக்கு முட்டி வலி. பேசிட்டு வீட்டுக்கு வரும்போது கொஞ்ச நேரத்துக்கு என் நடையே வேற. வீட்டுல புருஷன் இருக்கிற பொம்பளை நடை. பெரியவளுக்கு அது பொறுக்காது. "ஏம்மா இப்படிப் பண்ற? சொல்லிடேன்." வாயை மூடுடின்னு அவ மேலதான் எரிஞ்சு விழுவேன்.

தை நெருங்கினதும் கொழுந்தன் வந்து நின்னாரு. "இன்னா அண்ணி, வருஷமே திரும்பல, அதுக்குள்ள டூரா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"வருஷம் திரும்புற வரைக்கும் மலை ஏறக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? கப்பல் என்ன மலையா?"

மனுஷன் தலையைச் சொறிஞ்சுகிட்டே போயிட்டாரு. எனக்கு மட்டும் கப்பல் ஆசையா என்ன? வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா சொல்லணும். அதுக்குப் போயிட்டே வந்துடலாம்னுதான் மூட்டை கட்டினேன்.

துறைமுகத்துல கிளப் பேர் போட்ட அட்டையைத் தூக்கிப் புடிச்சுகிட்டு ஒரு தம்பி நின்னுச்சு. எங்களைப் பாத்ததும் அப்படி ஒரு சிரிப்பு. கையில நாலு வெள்ளைத் தொப்பி, கப்பல் படம் போட்டது. எனக்கு ஒண்ணு, பெரியவளுக்கு ஒண்ணு, சின்னவ தலையில ஒண்ணு. நாலாவதை அவ கையில குடுத்து, "அப்பாவுக்குக் குடு பாப்பா. சார் எங்க மேடம்?"னு கேட்டுச்சு.

வரும்போதே பஸ்ஸுல பதிலைத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். "அவசர டூட்டி தம்பி. லீவு தரல."

அந்தத் தம்பி முகம் விழுந்துடுச்சு. "அய்யய்யோ. எத்தனை வருஷமா ஒரு பாயிண்ட் தொடாம சேத்தாரு மேடம். ஆபீசுக்கு வந்தா சுவத்துல இருக்கிற கப்பல் படத்து முன்னாடிதான் நிப்பாரு. அவர் இல்லாம நீங்க போனா நல்லாவா இருக்கும்? இருங்க, நான் பேசறேன். அடுத்த மாசக் கப்பலுக்கு மாத்திக் குடுக்கச் சொல்றேன். நாலு பேருமாவே போங்க."

சரின்னு சொல்ல வாயெடுத்துட்டேன். சத்தியமா. அடுத்த மாசம் வரைக்கும் போன் வரும், சார் இருக்காங்களான்னு கேப்பாங்க. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளினதுக்கு அந்த மனுஷனை எப்படியெல்லாம் பேசியிருக்கேன். இப்ப எனக்கு ஒரே ஒரு மாசம் தள்ளிப் போனா போதும்னு இருந்தது.

அப்பத்தான் கப்பல்லேருந்து சங்கு ஊதினான். சின்னவ சட்டுனு திரும்பி, துறைமுகத்து கேட்டைப் பாத்தா. அப்புறம் என் முந்தானையை இழுத்தா.

"அடுத்த மாசமே போலாம்மா. அதுக்குள்ள அப்பாவுக்கு டூட்டி முடிஞ்சிடும்ல?"

அவ விளையாட்டுக்குச் சொல்லல. ஆடியிலேருந்து இந்தப் புள்ளை அப்பன் ஃபேக்டரியில இருக்கான்னே நம்பிகிட்டு இருந்திருக்கு. சாமின்னு, ஊருன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னதை விட்டுட்டு, அம்மா போன்ல சொன்னதைப் புடிச்சுகிச்சு. பெரியவ முகத்தைத் திருப்பிகிட்டு அழ ஆரம்பிச்சுட்டா.

நான் அங்கயே சிமெண்ட்டுத் தரையில குந்திட்டேன். அவ முகத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டேன்.

"கண்ணு, அப்பா டூட்டிக்குப் போகலடா. அப்பா செத்துட்டாரு. அம்மா போன்ல பொய் சொன்னேன்."

"எப்ப?"

"உன்னைச் சித்தி தூக்கிட்டுப் போனாளே, அன்னிக்கு."

"கப்பலுக்குக்கூட வர மாட்டாரா?"

"மாட்டாருடா."

அவ அழல. கையில இருந்த தொப்பியைப் பாத்தா. என் கையை விலக்கிட்டு, நேரா அந்தத் தம்பிகிட்ட நடந்து போனா. அது யார்கிட்டயோ பேசறதுக்காக அந்தப் பக்கம் போய் நின்னுகிட்டிருந்தது. தொப்பியை நீட்டினா.

"அண்ணா, இது வேணாம். எங்கப்பா செத்துட்டாரு."

அந்தத் தம்பி என்ன பண்றதுன்னு தெரியாம, "உக்காரு பாப்பா, உக்காரு"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணி பாட்டிலை நீட்டுச்சு. அவ வாங்கல. உக்காரவும் இல்ல. சொல்லிட்டுத் திரும்பி என்கிட்ட வந்துட்டா.